ஊரில் பெரியவர்களுக்கு எழுத்தும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழு வழிகாட்டி

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். மாநிலம் முழுவதற்கும் அது 80 சதவீதம்தான். நமக்கெல்லாம் இதில் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் மிச்சமிருக்கும் எட்டுச் சொச்சம் சதவீதத்தைத் தலைகளாக எண்ணினால் ஒரு லட்சத்துக்கும் மேல் வருகிறது. எல்லாரும் படித்த ஊரில் தனக்கு மட்டும் தெரியாது என்று நினைக்கிற மனிதர் அதை யாரிடமும் சொல்லமாட்டார். கட்டின மருமகளுக்குக்கூடத் தெரியாமல் முப்பது வருடம் மறைத்தவர்களை எனக்குத் தெரியும். எழுத்து தெரியாதவர் குறைவாக இருக்கும் ஊரில்தான் அவருக்கு வெட்கம் அதிகம். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

முதல் படி: ஆளைக் கண்டுபிடிப்பது

நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போய் "எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா" என்று கேட்டால் ஒருவரும் அகப்படமாட்டார். தெருவே கேட்கிற குரலில் கேட்கும் கேள்வி அல்ல அது. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் போதும். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீயே வாசி மக்களே" என்று ஒருவர் வாரம் தவறாமல் சொல்கிறார் என்றால் அவர்தான். பஸ் ஸ்டாப்பில் போர்டைப் பார்க்காமல் கண்டக்டர் கூவுவதற்காகக் காத்து நிற்பவர், குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போகிறவர், இவர்களும்தான்.

அவர்களிடம் நேராகப் போகாதீர்கள். அவர்கள் நம்புகிற ஆள் மூலமாகப் போங்கள். கடற்கரை ஊர்களில் அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) நடத்தும் அக்கா, உள்நாட்டில் மகளிர் குழுத் தலைவி, அய்யாவழிக்காரர்கள் வழிபடும் நிழல்தாங்கலில் பணிவிடை செய்பவர், பள்ளிவாசலில் பெண்களுக்கு ஓதிக்கொடுப்பவர், அண்டி ஆபீஸ் என்கிற முந்திரிக்கொட்டை ஆலையில் மேஸ்திரி. இப்படி ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் "முதியோர் கல்வி" என்ற வார்த்தையைச் சொல்லவே வேண்டாம். "பேங்கு ஃபாரம் எழுத, போனுல பேரு பார்க்க, மருந்து அட்டை வாசிக்கப் பழகுகிற வகுப்பு" என்று சொல்லுங்கள். நாற்பது வயதுக்காரரும் வருவார், எழுபது வயதுக்காரரும் வருவார்.

இரண்டாம் படி: யாருக்கு என்ன தெரியும் என்று பார்ப்பது

ஒன்றுமே தெரியாதவர் என்று நாம் நினைப்பவரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று தெரியும். அதைத் தனியாக உட்கார்ந்து பேசி அறிந்துகொள்ள வேண்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருந்தால் மறக்காமல் மலையாளம் பற்றிக் கேளுங்கள். இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சியோடு இருந்தது. வீட்டில் மலையாளம் பேசி, மலையாளப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று வகுப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் எழுத்து வராததால் தன்னை எழுத்தறியாதவர் என்றே சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்குப் புதிதாக எழுத்து அறிவிக்க வேண்டியதில்லை, ஒரு எழுத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டினால் போதும். மூன்றே மாதத்தில் சரளமாக வாசித்துவிடுவார்கள்.

சின்ன வயதில் ஓரிரு வகுப்போடு நின்றுபோனவர்கள் இன்னொரு ரகம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளிக்குப் போனவர் என்றால் லை, னை, ணை எல்லாம் பழைய துதிக்கை வடிவத்தில்தான் எழுதுவார். அதில் சிவப்பு மை போடாதீர்கள். "இதுவும் சரிதான், இப்போ அச்சில் இப்படி வருது" என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

அப்புறம் கண். இது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு மாமிக்கு எத்தனை முறை சொன்னாலும் ப-வும் ய-வும் குழம்பியது. மண்டையில் ஏறவில்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கடைசியில் பார்த்தால் வெள்ளெழுத்து. கண்ணாடி போட்ட அன்றைக்கு அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் வாசித்தார். நாற்பதைத் தாண்டிய யாராக இருந்தாலும் வகுப்பின் முதல் வாரத்திலேயே கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ, ஊரில் கண் முகாம் நடந்தால் அங்கேயோ கூட்டிப்போங்கள். போர்டு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

பள்ளிக்கூட வகுப்பறை வேண்டாம் என்பது என் அனுபவம். ஆறு வயதுப் பிள்ளை உட்காரும் பெஞ்சில் கால் மடக்கி உட்காரும்போதே மனசு சுருங்கிவிடும். அங்கன்வாடித் திண்ணை, நூலகத்து வராந்தா, யாராவது ஒருவர் வீட்டு முற்றம், இவை போதும். வெளிச்சம் மட்டும் நன்றாக வேண்டும்.

நேரத்தைத் தொழில்தான் தீர்மானிக்கும். ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியும் முன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, மதியத்துக்குள் வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு மூன்று மணி நல்லது. அண்டி ஆபீஸ் பெண்களுக்கு மாலை ஆறரைக்கு முன் முடியாது, எட்டுக்கு மேல் இருக்கவும் முடியாது. கடவம் தூக்கி மீன் விற்கும் பெண்களிடம் அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும், அது தினமும் மாறும். விசைப்படகுக்குப் போகும் ஆண்களைப் பிடிக்க மீன்பிடித் தடைக்காலம்தான் நேரம். நம் மாவட்டத்தில் அது இரண்டு விதம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடல் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு மாதத்தில் தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நல்ல அடித்தளம் போட்டுவிடலாம்.

ஒரு வகுப்பில் எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. சொல்லிக்கொடுக்க இரண்டு பேர்.

நான்காம் படி: முதல் நாள்

முதல் நாள் அ, ஆ வேண்டாம். குழந்தைப் பாட்டு வேண்டவே வேண்டாம். ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு எதை வாசிக்கத் தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் வந்த பதில்கள் இவை: பேரனின் பள்ளி டைரி, பி.எஃப். சீட்டு, கோயில் பாட்டுப் புத்தகம், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் மெசேஜ், செத்துப்போன கணவரின் கல்லறையில் எழுதியிருப்பது. அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடப் புத்தகம்.

பிறகு பெயர். ஒரு தாளில் அவர் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். என் வகுப்புக்கு வந்த ஒரு அக்கா இருபது வருடமாக அண்டி உடைக்கிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியில் தோல் கருத்துத் தடித்திருந்தது. சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அது விடுவதில்லை. மெல்லிய பேனா அந்த விரல்களுக்குள் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. தடித்த சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் எழுதச் சொன்னேன். முட்டி போட்டு உட்கார்ந்து, கை முழுவதையும் வீசி, கோலம் போடுகிற மாதிரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "எனக்க பேரு இவ்வளவுதானா மக்களே?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முதல் இரண்டு வாரம் பேனாவே கிடையாது. சாக்பீஸ், தரை, சிமெண்டுத் திண்ணை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: எழுத்துகளை எந்த வரிசையில் சொல்வது

தமிழில் எழுத்து 247 என்று முதல் நாளே சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். உருவம் எளிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள், வந்த எழுத்தை வைத்து உடனே சொல் கட்டுங்கள். நான் செய்வது இப்படி.

ட, ப, ம. மூன்றும் கோடுதான், சுழி அதிகம் இல்லை. இவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம். முதல் மாலையிலேயே நாலு சொல். அடுத்த நாள் கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம். மூன்றாம் நாள் க. பக்கம், கட்டம், கட்டடம். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போர்டில் "மக்கா" என்று எழுதிவிட்டு நகர்ந்து நின்றுகொள்வேன். ம... க்... கா... என்று ஒருவர் கூட்டுவார். சட்டென்று வகுப்பே சிரிக்கும். காலையில் எழுந்ததிலிருந்து நூறு தடவை சொல்கிற வார்த்தை, அதுவும் புத்தகத்தில் வராத நம் ஊர் வார்த்தை, எழுத்தில் நிற்பதை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ம, க என்ற இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும் ஒரு காலும் போதும் அதற்கு. மறுநாள் அ சேர்த்தால் அக்கா, அப்பா, அம்மா எல்லாம் கூடவே வந்துவிடும்.

அதன் பிறகு தொழில் சொற்களுக்குப் போகலாம். கடற்கரையில் வலை, மடி, சாளை, சூரை, கரை. ரப்பர் பக்கம் பால், ஷீட்டு, ஒட்டுபால். தோவாளையில் என்றால் பிச்சி, முல்லை, மாலை. ஒரு சொல்லை எழுதும் முன் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசவிடுங்கள். "இன்னைக்கு சாளை என்ன விலைக்குப் போச்சு" என்று கேட்டுவிட்டு "சாளை" என்று எழுதினால் அந்த எழுத்து மறக்காது.

ொ, ோ, ௌ ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். முன்னும் பின்னும் குறி வருவது எல்லாருக்கும் தடுமாற்றம். ந, ன, ண குழப்பமும் ர, ற குழப்பமும் கடைசிவரை இருக்கும். படித்தவர்களுக்கே இருக்கிறதே. வாசிக்க வந்துவிட்டால் எழுத்துப் பிழையைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

ஒரு வழி எனக்கு எல்லாவற்றையும் விட அதிகம் பலன் கொடுத்தது. மனப்பாடமாகத் தெரிந்ததை வாசிக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமை பாடும் கீர்த்தனையோ, அன்றாடம் சொல்லும் ஜெபமோ, அய்யாவழி உச்சிப்படிப்பில் (மதிய வழிபாட்டில்) கேட்டுக் கேட்டுப் பதிந்த வரிகளோ அவர்களுக்கு முழுதாகத் தெரியும். அதையே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, வாயால் சொல்லிக்கொண்டே விரலை எழுத்தின் கீழ் நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே விரலும் வாயும் பிசகுகிறதோ அங்கே நிறுத்தி, அந்தச் சொல்லை மட்டும் பாருங்கள்.

ஆறாம் படி: கணக்கு

இது சுருக்கமாகவே முடியும். வாய்க்கணக்கில் அவர்கள் நம்மை விடக் கெட்டி. கிலோவுக்கு இவ்வளவு என்றால் மூன்றே முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்று நாம் போனை எடுக்கும் முன் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது எண்ணின் உருவமும், எடை மெஷினில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் என்னவென்பதும்தான். தினமும் செய்த வேலையின் எடையையும் கூலியையும் ஒரு சிறு நோட்டில் எழுதப் பழக்குங்கள். அப்புறம் சொந்த போன் நம்பர், மகளின் நம்பர்.

ஏழாம் படி: ஆங்கிலம்

இங்கே இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். அவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்.

முதல் வகை, இப்போதுதான் தமிழ் வாசிக்கத் தொடங்கியவர்கள். தமிழில் ஒரு நாலு வரியைத் தயங்காமல் வாசிக்கிற வரை ஆங்கிலம் தொடங்க வேண்டாம். வந்த பிறகு பெரிய எழுத்து 26 மட்டும். சின்ன எழுத்து அப்புறம் பார்க்கலாம். ஆதார் அட்டையில் இருக்கும் சொந்தப் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் ஆதார், ரேஷன் கார்டு, பேங்கு புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரு எழுத்து மாறியதால் பணம் வராமல் அலைந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அடுத்து மருந்து அட்டை. இ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்தைத் தேடி, அதன் பக்கத்தில் இருக்கும் மாதத்தையும் வருடத்தையும் பார்க்கத் தெரிந்தால் காலாவதி மாத்திரை வீட்டில் இருக்காது. பஸ் நம்பருக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தும் இப்படித்தான். வடசேரியிலோ அண்ணா பஸ் ஸ்டாண்டிலோ யாரிடமும் கேட்காமல் ஏற முடிந்தாலே பெரிய விடுதலை.

ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் இன்னொன்று கவனியுங்கள். "எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது" என்பவர் ஜி.பி.எஸ். திரையில் எண்களைப் பார்த்து, வடக்குக்கு ஒரு எழுத்து, கிழக்குக்கு ஒரு எழுத்து என்று அடையாளம் வைத்துக் கரை வந்து சேர்ந்தவராக இருப்பார். அந்த இரண்டு எழுத்தையும் காட்டி, "இதோ உங்களுக்குத் தெரிஞ்ச எழுத்து" என்று அங்கிருந்தே தொடங்குங்கள். வயர்லெஸ்ஸில் ஆபத்துக்கான பதினாறாம் சேனலில் "மேடே" என்று மூன்று முறை சொல்வது, பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் சொல்வது, இதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகும்வரை சொல்லவைக்க வேண்டும். ஒக்கிப் புயலைக் கண்ட ஊர்களில் இதற்குக் காரணம் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் வகை, எட்டோ பத்தோ படித்து, பேச வராதவர்கள். வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர், நர்ஸ் வேலைக்கு முயல்கிறவர், கன்னியாகுமரி லாட்ஜில் வரவேற்பில் நிற்பவர். இவர்களிடம் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் ஆள் வரமாட்டார். பள்ளியில் தோற்ற இடத்துக்கே திரும்பக் கூட்டிப்போவதாக நினைப்பார்கள். வாரம் ஒரு இடத்தை எடுத்து நடித்துப் பாருங்கள். ஏர்போர்ட்டில் அதிகாரி கேட்கும் ஐந்து கேள்வி, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்பது, லாட்ஜில் ரூம் இல்லை என்று மரியாதையாகச் சொல்வது. ஒருவர் அதிகாரி, ஒருவர் பயணி, அப்புறம் மாறிக்கொள்ளட்டும். முதல் சில வாரம் ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும், தவறில்லை. ஆறாவது வாரத்தில் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே ஊன்றுகோலாகிவிடும்.

உச்சரிப்பில் இரண்டு மட்டும் திருத்தினால் போதும். ஒன்று, சொல்லின் கடைசியில் நாம் ஒட்டுகிற உகரம். பஸ்ஸு, புக்கு, லைட்டு. "வாயை அங்கேயே மூடுங்க" என்று சொல்லி, கடைசி ஒலியில் நிறுத்திப் பழக்குங்கள். இரண்டு, முன்னால் சேர்க்கும் இகரம். இஸ்கூல், இஸ்டேஷன். "ஸ்ஸ்" என்று பாம்பு சீறுகிற மாதிரி இழுத்துத் தொடங்கச் சொன்னால் சரியாகிவிடும். மற்றபடி நம் ஊர் வாடை இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒப்பந்தத் தாளைக் கட்டாயம் பாடமாக வையுங்கள். சம்பளம், ஓவர்டைம், விடுப்பு, சாப்பாடு, டிக்கெட் யார் செலவு, இந்த ஐந்தையும் அந்தத் தாளில் தேடி அடிக்கோடு போடச் சொல்லுங்கள். எது இல்லையோ அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அரசின் அனுமதி பெற வேண்டும். அதனால் இளைஞர்களை ஆங்கில வகுப்போடு நிறுத்தாமல் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதத் தள்ளிவிடுங்கள்.

எட்டாம் படி: சொல்லிக்கொடுக்கிறவர்கள்

கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள், தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிலையாக வருவார்கள், ஆனால் சிலர் குரலை உயர்த்துவார்கள். எனக்குக் கிடைத்த நல்ல ஆசிரியைகள் எல்லாம் வீட்டில் இருக்கும் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். யாராக இருந்தாலும் மூன்று விஷயத்தில் கறாராக இருங்கள். அக்கா, மாமி, அண்ணன், பாட்டா என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தப்பாக வாசித்தால் உடனே குறுக்கிடக் கூடாது, பத்து வரை மனதில் எண்ண வேண்டும். யாருடைய சொந்த விஷயமும் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது.

ஒன்பதாம் படி: வந்தவர்களைத் தக்கவைப்பது

மூன்றாவது வாரத்தில் ஆள் குறையும். மகள் பேறுகாலம், ஊர்த் திருவிழா, மழை, முழங்கால் வலி எல்லாம் வரும். இரண்டு வகுப்புக்கு ஒருவர் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுங்கள். வகுப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். காப்பித்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் வருவார்.

போட்டோ விஷயத்தில் நான் பட்டது ஒன்று. ஒரு முறை வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர், ஒரு அம்மா சிலேட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் படமெடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்த அம்மாவின் சம்பந்தி வீட்டுக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. அதோடு அவர் வருவது நின்றது. எத்தனை தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. தடுக்காமல் நின்றது என் தப்பு. இப்போது யார் வந்தாலும் போன் பைக்குள் இருக்கும். பதிவுக்காகப் படம் கட்டாயம் வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் கேட்டு, முகம் தெரியாமல் கையை மட்டும் எடுக்கிறோம்.

பத்தாம் படி: தேர்வும் அதற்கு அப்புறமும்

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை நடக்கிறது. தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கும் திட்டம் இது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண் தேர்வு, தேறினால் சான்றிதழ். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ வட்டார வள மையத்தையோ பார்த்து உங்கள் ஆட்களின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தேர்வு என்றதும் பயப்படுகிறவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் எழுதியவர் அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். அதற்கு மேல் போக நினைக்கிறவருக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது.

தேர்வு முடிந்ததும் வகுப்பை மூடிவிட்டால் ஒரு வருடத்தில் எழுத்து மறந்துவிடும். வாரம் ஒரு நாள் வாசிப்புக்கென்று வையுங்கள். தினத்தந்தி தலைப்புச் செய்தி நல்ல தொடக்கம். எளிய மக்களும் வாசிக்க வேண்டுமென்று 1942இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய பத்திரிகை அது, வாக்கியங்கள் இன்றும் குட்டை குட்டையாகத்தான் இருக்கும். முதல் மாதம் தலைப்பு மட்டும், இரண்டாம் மாதம் முதல் பத்தி. அப்புறம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஊர்ப்புற நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்கைப் படிவத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பெயர், வீட்டு எண், தெரு, பின்கோடு, கையெழுத்து எல்லாம் அவர்களே எழுதட்டும். எங்கள் ஆட்கள் ஏழு பேர் எழுதி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நூலகர் அவ்வளவு நேரமும் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.